மூன்றாம் பக்கத்தில் இறந்தவர்

ஏற்காடு
14 ஜூலை 2025

'மலைத்தடம்' ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஜூலை மாத இதழின் மூன்றாம் பக்கத்தில் இறந்துபோன அன்வர் எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் நலத்தை விசாரிக்க இன்னும் மனம் வரவில்லை.

என் அத்தா ரஹமத்துல்லா ஏற்காடு கடைவீதியில் குடை, டார்ச், பேட்டரி விற்கும் கடை வைத்திருக்கிறார். போன வெள்ளிக்கிழமை உங்கள் மாணவி ஒருவர் வந்து, "யுனிவர்சிட்டி ஸ்டூடண்ட்ஸ் நடத்தற பேப்பருங்க, இலவசந்தானுங்க" என்று ஒரு பேப்பர் கட்டைக் கல்லாப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாராம். அன்றைக்கு வெயில் அடித்ததால் குடைக்கு ஆள் வரவில்லை. அத்தா முதல் பக்கத்திலிருந்து பொறுமையாகப் படித்துக்கொண்டே வந்தார். நான் தொழுகை முடித்து வந்து கடைக்குப் பின்னால் சோறு தின்றுகொண்டிருந்தேன். திடீரென்று "அன்வரு!" என்று ஒரு சத்தம். "என்னத்தா?" என்று சோற்றுக் கையோடு எழுந்து வந்தேன். அவர் என்னைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

'மஞ்சக்குட்டை சாலையில் ஜீப் கவிழ்ந்தது. ஓட்டுநர் பலி' என்று தலைப்பு. பிரேக் பிடிக்காமல் சில்வர் ஓக் வளைவில் ஜீப் பள்ளத்தில் பாய்ந்ததாம். ஏற்காட்டைச் சேர்ந்த ஓட்டுநர் அன்வர் (38) சம்பவ இடத்திலேயே உயிரிழந்தாராம். பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி ஜீப்போடு திரும்பும்போது நடந்ததால் வேறு யாருக்கும் காயம் இல்லையாம். மஞ்சக்குட்டையிலிருந்து ஏற்காட்டுப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் அன்வர் நான் ஒருவன்தான். வயதுகூடச் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தாவுக்கு வரவில்லை. அன்று இரவுவரை அவர் ஒன்றும் சாப்பிடவில்லை.

நான் உயிரோடிருப்பதை நீங்கள் அச்சில் போட வேண்டும். பதிலைக் கடிதமாகவே அனுப்புங்கள். என்னைக் கொன்றது காகிதம், அதனால் உயிரும் காகிதத்திலேயே வரட்டும்.

இப்படிக்கு,
ர. அன்வர்
ஜீப் ஓட்டுநர்

*

இதழியல் துறை
பல்கலைக்கழக வளாகம்
21 ஜூலை 2025

மதிப்பிற்குரிய திரு. அன்வர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் 14ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது.

'மலைத்தடம்' விற்பனைக்கான பத்திரிகை அல்ல. எங்கள் துறையில் முதுகலை மாணவர்கள் செய்முறைப் பயிற்சியாக நடத்தும் மாத இதழ். செய்தி சேகரிப்பது, எழுதுவது, பக்கம் அமைப்பது, கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாமே மாணவர்கள்தான். 'செய்து கற்றல்' என்பது எங்கள் துறையின் முறை.

வகுப்பில் விபத்துச் செய்தி எழுதப் பயிற்சி தருவார்கள். கற்பனையான விபத்து ஒன்றை வைத்து, அந்தந்த ஊருக்குப் பொருந்தும் பெயர்களோடு எழுத வேண்டும். அப்படி எழுதப்பட்ட ஒரு பயிற்சிச் செய்தியைப் பக்க அமைப்பின்போது இடம் நிரப்ப வைத்திருந்தார்கள். பேரிக்காய் விளைச்சல் பற்றிய கட்டுரை வந்ததும் அந்த இடத்தில் அது போயிருக்க வேண்டும். கட்டுரை கடைசிவரை வரவில்லை. பிழை திருத்தியவர்கள் எழுத்துப்பிழையை மட்டுமே பார்த்தார்கள். அதில் எழுத்துப்பிழை இல்லை.

ஆகஸ்ட் இதழில் திருத்தம் வெளியாகும். தங்களுக்கும் தங்கள் தந்தையாருக்கும் ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
கோ. சசிரேகா
மாணவ ஆசிரியர்

*

ஏற்காடு
28 ஜூலை 2025

சசிரேகா அவர்களுக்கு,

செய்து கற்பது உங்கள் பாடமாக இருக்கட்டும். செத்துக் கற்பதை என் பாடமாக்கியதுதான் பிடிக்கவில்லை.

'எழுதப்பட்டது', 'வைத்திருந்தார்கள்' என்றே கடிதம் முழுக்கப் போகிறது. எழுதின ஆளுக்குப் பெயர் இல்லையா? எனக்கு மட்டும் பெயர், ஊர், வயது எல்லாம் இருந்ததே.

போகட்டும். அவசரமான சங்கதி வேறு. நான் செத்ததைப் பற்றி இங்கே யாருக்கும் கவலை இல்லை. பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கப் போனால், "என்னப்பா, மையத்து எந்திரிச்சு வந்து டீ குடிக்குது" என்று சிரிக்கிறார்கள். இரண்டு நாள் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். விடாமல் ஒட்டிக்கொண்டது பிரேக்தான். மஞ்சக்குட்டையில் குப்பாயி என்று ஒரு அம்மா, காப்பியும் சாமையும் பயிர் செய்கிறவர். அவர் மகள் மேனகா ஏழாம் வகுப்பு. மூன்று வருடமாக என் ஜீப்பில் வருகிற பிள்ளை. போன திங்கட்கிழமை குப்பாயி ரோட்டோரம் நின்று கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"ஏனுங்க அன்வரு, நீங்க நொம்ப நல்லவருதானுங்க. உங்க பிரேக்கு நல்லதான்னு யாருக்குங்க தெரியும்? நாளையிலிருந்து புள்ள பஸ்ல போவட்டும்."

அவர் ஒருவர் சொன்னதும் மற்ற வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டார்கள். இப்போது காலையில் என் ஜீப்பில் ஒரு பிள்ளையும் இல்லை. பஸ் பின்னாலேயே காலியாக இறங்கி வருகிறேன்.

என்னைப் பார்த்தாலே நான் சாகவில்லை என்று தெரிந்துவிடும். பிரேக் கெட்டுப்போகவில்லை என்பதை எதைக் காட்டி நிரூபிப்பது? மழைக்காலத்தில் இந்த மலையில் எல்லா ஜீப்பும் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும். அதற்காகப் பள்ளத்திலா போய் விழுகிறோம்?

ஆகையால் திருத்தத்தில் பிரேக்கைப் பற்றியும் எழுதுங்கள்.

அன்வர்

*

இதழியல் துறை
12 ஆகஸ்ட் 2025

திரு. அன்வர் அவர்களுக்கு,

ஆகஸ்ட் இதழை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் திருத்தம் உள்ளது. உங்கள் கடிதம் கிடைப்பதற்குள் பக்கம் அச்சுக்குப் போய்விட்டது.

அந்தச் செய்தியை எழுதியது நான். போன கடிதத்தில் அதைச் சொல்லாததற்கு வேறு காரணம் ஒன்றுமில்லை, சொல்லக் கூச்சமாக இருந்தது.

பிப்ரவரியில் நாங்கள் களப்பயிற்சிக்கு ஏற்காடு வந்திருந்தோம். ஒரு நாள் மஞ்சக்குட்டையில் பஸ்ஸைத் தவறவிட்டு உங்கள் ஜீப்பில் ஏறினேன். பின்னால் பள்ளிப் பிள்ளைகள் சத்தம் போட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். நீங்கள் உங்கள் பெயர், வயது, அத்தாவின் கடை எல்லாவற்றையும் கேட்காமலே சொன்னீர்கள். "பத்திரிகையில நம்ம பேரு வருமாங்க?" என்று வேறு கேட்டீர்கள். பிறகு வகுப்பில் விபத்துச் செய்தி எழுதச் சொன்னபோது, அந்த மலையில் எனக்குத் தெரிந்த ஒரே ஜீப் ஓட்டுநர் நீங்கள்தான். வகுப்போடு போய்விடும் என்று நினைத்துப் பெயரை மாற்றாமல் விட்டேன். உங்கள் அத்தாவின் கடையில் பேப்பர் கட்டை வைத்துவிட்டு வந்ததும் நான்தான். மூன்றாம் பக்கத்தை அப்போது நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அந்தப் பயிற்சிக்கு எனக்கு மதிப்பெண் குறைவு. எங்கள் ஆசிரியர் தேவசிகாமணி சார் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதியிருந்தார்: 'ஜீப் ஏன் காலியாக இருக்கிறது? குழந்தைகள் உள்ளே இருந்திருந்தால் செய்திக்குக் கனம் கூடியிருக்கும்.' எழுதும்போது அவர்களை உள்ளே வைக்க எனக்குக் கை வரவில்லை. அந்தப் பாட்டுதான் காதில் கேட்டது.

சசிரேகா

*

ஏற்காடு
20 ஆகஸ்ட் 2025

சசிரேகா அவர்களுக்கு,

பெயரைச் சொன்னதற்கு நன்றி. ஆமாம், ஞாபகம் வருகிறது. நீலக் குடை வைத்திருந்தீர்கள், ஒரு கம்பி உடைந்திருந்தது. கடைக்கு வந்தால் மாற்றித் தருகிறேன் என்றேன். நீங்கள் குடைக்கு வராமல் மரணச் செய்தியோடு வந்தீர்கள்.

திருத்தத்தைப் படித்தேன். 'கடந்த இதழில் மூன்றாம் பக்கத்தில் வெளியான செய்தியில் தவறு நேர்ந்துவிட்டது. திரு. அன்வர் அவர்கள் நலமாக உள்ளார். வருந்துகிறோம்.' இவ்வளவுதான்.

இதை மஞ்சக்குட்டையில் எப்படிப் படித்தார்கள் தெரியுமா? ஜீப் விழுந்தது நிஜம், நான் மட்டும் பிழைத்துக்கொண்டேன் என்று. முந்தாநாள் ஒருவர் வந்து என் முழங்காலைத் தொட்டுப் பார்த்து, "எங்கீங்க அடி?" என்கிறார். குப்பாயி கோயிலில் எனக்காகத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து சொன்னார்: "உசுரு தப்புச்சே, அது போதும் சாமி. இனி ஜீப்பு தொழில உட்ருங்க."

முதல் செய்தியில் இறந்துபோனேன். திருத்தத்தில் விபத்தே நடந்துவிட்டது. இன்னொரு திருத்தம் போட்டால் என்ன ஆவேனோ.

என்ன தவறு என்று சொல்லாமல் தவறு என்று மட்டும் சொல்வது உங்கள் படிப்பில் ஒரு பாடமா? விபத்தே நடக்கவில்லை, பிரேக் நன்றாக இருக்கிறது என்று இரண்டு வரி எழுதுங்கள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அன்வர்

*

இதழியல் துறை
27 ஆகஸ்ட் 2025

அன்வர் அண்ணனுக்கு,

அப்படிக் கூப்பிடலாம் என்றால் கூப்பிடுகிறேன்.

நீங்கள் கிண்டலாகக் கேட்டது நிஜமாகவே எங்களுக்குப் பாடம்தான். திருத்தம் எழுதும்போது தவறான தகவலைத் திரும்ப எழுதக் கூடாது என்று சொல்லித் தந்திருக்கிறார்கள். திரும்ப எழுதினால் பொய்க்கு இன்னொரு முறை இடம் கொடுத்ததாகிவிடும். அந்த விதியை நான் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன், அதனால் உங்களுக்கு இல்லாத விபத்து ஒன்று வந்து சேர்ந்தது. புத்தகத்தில் படிக்கும்போது இப்படி ஆகும் என்று தோன்றவில்லை.

விபத்தே நடக்கவில்லை, அது நான் கற்பனையாக எழுதியது என்று என் பெயரோடு முதல் பக்கத்தில் போடுகிறேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

பிரேக் நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுத முடியாது. எனக்கு அது தெரியாது. நீங்கள் சொல்கிறீர்கள் என்பதற்காக அச்சிட்டால், போன தடவை செய்ததையே மறுபடி செய்ததாகும். நான் ஏற்காடு வருகிறேன். உங்கள் வழக்கமான மெக்கானிக் இல்லாமல் வேறொருவரை வைத்துப் பார்ப்போம். பார்த்ததை எழுதுகிறேன். எது வந்தாலும் எழுதுவேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தேவசிகாமணி சார் இந்த விஷயத்தை விட்டுவிடச் சொல்கிறார். பயிற்சி இதழுக்கு இவ்வளவு தேவையில்லை, அடுத்த இதழுக்கு வேறு வேலை இருக்கிறது என்கிறார். எனக்கு விட மனமில்லை.

சசிரேகா

*

ஏற்காடு
2 செப்டம்பர் 2025

சசிரேகா அவர்களுக்கு,

பொய் எழுதும்போது எந்த மெக்கானிக்கைக் கூட்டிவந்தீர்கள்? என் பிரேக் கெட்டது என்று எழுத ஒரு சோதனையும் தேவைப்படவில்லை. நன்றாக இருக்கிறது என்று எழுத மட்டும் சக்கரத்தைக் கழற்ற வேண்டுமா?

பன்னிரண்டு வருடமாக இந்த ரோட்டில் ஓட்டுகிறேன். என் ஜீப்பைப் பற்றி எனக்கே சான்றிதழ் கொடுக்க ஒரு மாணவி வர வேண்டியதில்லை. முதல் பக்கத்தில் நீங்கள் போடுகிறேன் என்றதைப் போடுங்கள். இங்கே வர வேண்டாம்.

அன்வர்

*

ஏற்காடு
15 செப்டம்பர் 2025

சசிரேகா அவர்களுக்கு,

செப்டம்பர் இதழ் பார்த்தேன். 'நடக்காத விபத்து' என்று தலைப்பு போட்டு, எழுதியது நான்தான் என்று உங்கள் பெயரோடு போட்டிருந்தீர்கள். அத்தா அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டார். எனக்கும் ஒரு நிமிடம் மனசு லேசானது, மறைப்பானேன்.

அதை எடுத்துக்கொண்டு குப்பாயியிடம் போனேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. மேனகாவை விட்டு இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, "சரிங்க, ஆக்சிடெண்டு ஆவல. பிரேக்கப் பத்தி இதுல ஒண்ணுஞ் சொல்லலீங்களே?" என்றார். நான் நன்றாக இருக்கிறது என்றேன். "நீங்க சொன்னா ஆச்சுங்களா? அந்தப் பேப்பர்காரப் புள்ளயே வந்து பாத்து எழுதட்டும். மொதல்ல எழுதுனது அதுதான? அது சொன்னா அனுப்பறேனுங்க."

மேனகா என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

சனிக்கிழமை வாருங்கள். நாகலூர் போகும் வழியில் ஜெயபிரகாஷ் என்பவர் பட்டறை வைத்திருக்கிறார். அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, ஆகையால் உங்களுக்குப் பொருத்தமான ஆள்.

அன்வர்

*

ஏற்காடு
22 செப்டம்பர் 2025

தங்கச்சி சசிரேகாவுக்கு,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன். குடைக்கு அத்தா புதுக் கம்பி போட்டுக் கொடுத்தார் அல்லவா, மழைக்குத் தாங்கியதா?

சனிக்கிழமை நடந்ததை நீயும் பார்த்தாய். ஜெயபிரகாஷ் பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு உன்னைக் கூப்பிட்டுக் காட்டினான். பிரேக் லைனிங் பட்டை தேய்ந்து ஆணி தெரிந்தது, உள்ளே ஆயில் ஒழுகியிருந்தது. அவன் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நீ குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து, நோட்டில் ஏதோ எழுதினாய். அப்போது எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

இப்போது எல்லாம் மாற்றியாகிவிட்டது. நான்கு சக்கரத்துக்கும் புதிது. பிரேக் மிதியைத் தொட்டால் நிற்கிறது. சீட்டு எழுதி ஜெயபிரகாஷ் கையெழுத்துப் போட்டிருக்கிறான், கூட அனுப்பியிருக்கிறேன்.

அதனால் கேட்கிறேன். 'பரிசோதித்தோம், பிரேக் நன்றாக இருக்கிறது' என்று மட்டும் எழுது. அதில் பொய் எதுவும் இல்லை. இன்றைய தேதிக்கு அதுதானே உண்மை? தேய்ந்திருந்ததை எழுதினால் மஞ்சக்குட்டையில் ஒருவர்கூட என் ஜீப்பில் கால் வைக்கமாட்டார்கள். பகலில் நான் ஏற்றிப்போகும் நாகலூர் எஸ்டேட் ஆட்களும் இறங்கிவிடுவார்கள். இந்த வண்டியைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது. கடையில் உட்கார்ந்து குடை விற்கப் பொறுமையும் கிடையாது.

நான் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை.

அண்ணன் அன்வர்

*

இதழியல் துறை
29 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

குடை நன்றாக இருக்கிறது. அத்தாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்துக்கு இரண்டு தடவை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். நீங்கள் கேட்டபடி எழுதினால் அது பொய் ஆகாதுதான். ஆனால் குப்பாயி அம்மா என்னைப் பார்க்கச் சொன்னது பிள்ளைகள் ஏறலாமா என்று தெரிந்துகொள்ள. நான் பார்த்ததில் பாதியை எடுத்து வைத்துக்கொண்டு மீதியை மட்டும் அவரிடம் கொடுக்க முடியாது. தேய்ந்திருந்ததும் வரும், மாற்றியதும் வரும். ஜெயபிரகாஷ் அவர்கள் சொன்னதும் வரும்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை நீங்கள் பட்டறையில் பிரேக் மாற்றிக்கொண்டிருந்தபோது நான் பஸ்ஸில் மஞ்சக்குட்டை போனேன். பிள்ளைகளோடும் பேசினேன். அம்மாக்களிடம் கேட்டுக்கொண்டு தனியாகத்தான் பேசினேன். ஒரு பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னது இது:

"ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறந்த பொறகு ஒரு நா நல்ல மழைங்கக்கா. சில்வர் ஓக் வளைவுல அன்வரு மாமா ஜீப்ப மண்மேட்டுல ஏத்தி நிறுத்துனாரு. நாங்க எல்லாரும் குலுங்கி உழுந்து சிரிச்சோம். மாமா சிரிக்கல. ஸ்டீரிங்க புடிச்சுட்டே இருந்தாரு. ஊட்ல சொல்ல வேணாம்னு சொன்னாரு."

மேலும் இரண்டு பிள்ளைகள் இதையே சொன்னார்கள். அவர்கள் பெயரைப் போட மாட்டேன்.

இது நடந்ததா? அன்றே பிரேக்கைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா? உங்கள் பதிலை அப்படியே அச்சிடுவேன். அக்டோபர் பத்தாம் தேதிக்குள் வராவிட்டால், கேட்டோம், பதில் சொல்லவில்லை என்று அச்சாகும். இதை உங்களுக்கு எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் கேட்காமல் அச்சிட மாட்டேன். ஒரு தடவை உங்களைக் கேட்காமல் அச்சிட்டுவிட்டேன், அது போதும்.

சசிரேகா

*

ஏற்காடு
7 அக்டோபர் 2025

ஆசிரியர் அவர்களுக்கு,

அச்சிடுவதற்கான பதில்:

நடந்தது. மிதி தரைவரை போனது, ஜீப் நிற்கவில்லை. கை பிரேக்கை இழுத்து மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினேன். உள்ளே ஒன்பது பிள்ளைகள் இருந்தார்கள். அன்று மாலை பிரேக் ஆயில் ஊற்றினேன், பிடித்தது. பிடிக்கிறதே என்று விட்டுவிட்டேன். மழை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று நினைத்தேன். பிள்ளைகளைச் சொல்ல வேண்டாம் என்றதும் நான்தான்.

அச்சிட வேண்டாதது:

உன் மூன்றாம் பக்கத்தை முதன்முதலில் படித்தபோது, யாரோ அன்றைக்கு அந்த வளைவில் நின்று பார்த்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அதே ரோடு, அதே வளைவு, அதே பிரேக். எனக்குச் சிரிப்பு வந்தது என்று உனக்கு எழுதினேன். வந்தது சிரிப்பு இல்லை.

அன்வர்

*

இதழியல் துறை
18 அக்டோபர் 2025

அண்ணனுக்கு,

இதழ் இத்துடன் இருக்கிறது. முதல் பக்கம். தலைப்பு: 'மஞ்சக்குட்டை ஜீப்: என்ன பழுது, என்ன சரியானது'. நீங்கள் அச்சிடச் சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அச்சிட வேண்டாம் என்றதை யாரிடமும் காட்டவில்லை.

இது நன்றாக வந்திருக்கிறது என்று தேவசிகாமணி சார் வகுப்பில் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இல்லை. உங்கள் தொழில் போனால் அதில் பாதி என் கையால் போனதாக இருக்கும்.

கட்டுகளை நானே கொண்டுவந்து மஞ்சக்குட்டையில் வீடு வீடாகக் கொடுத்தேன். கடைவீதிக்கும் வந்தேன். எதிர்ச் சாரியில் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். உங்கள் அத்தா கடையில் கட்டு வைக்கத் தைரியம் வரவில்லை, திரும்பிவிட்டேன்.

சசிரேகா

*

ஏற்காடு
3 நவம்பர் 2025

தங்கச்சிக்கு,

நீ எதிர்ச் சாரியில் நின்றதை அத்தா பார்த்திருக்கிறார். "அந்தப் புள்ள ஏன் உள்ள வரல?" என்று கேட்டார். பக்கத்துக் கடைக்குப் போய் ஒரு பேப்பர் வாங்கிவந்து கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். ஜூலையில் நான் செத்தபோது இருந்த முகத்தைவிட அந்த முகம் மோசம்.

ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். நாகலூர் ஆட்களில் பாதிப் பேர் வேறு ஜீப்புக்கு மாறிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் இப்போது யாரும் கிண்டல் செய்வதில்லை. டீக்கடையில் எனக்கு மட்டும் இடம் தாராளமாகக் கிடைக்கிறது.

பேப்பர் வந்த நான்காம் நாள் குப்பாயி ரோட்டில் நின்றார். வண்டியை நிறுத்தினேன். அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன், போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏனுங்க அன்வரு, புள்ளைக உள்ள இருக்கறப்பவா மிதி போச்சு?"

"ஆமாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லோணும்னு தோணலீங்களா?"

என் காலடியில் இருந்த மிதியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பஸ் வரும் நேரத்துக்கு முன்னாலேயே மேனகாவோடு நின்றிருந்தார். பிள்ளையைப் பின்னால் ஏற்றிவிட்டு, அவரும் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஏற்காடு வரைக்கும் ரோட்டையே பார்க்கவில்லை, என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வளைவிலும் நான் மிதிக்கும்போது அவர் காலும் தரையை மிதித்தது. பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டுச் சொன்னார்: "நாளைக்கும் வருவேனுங்க. எனக்கா நம்பிக்க வர்றவரைக்கும் வருவேன்." இன்றோடு இரண்டாவது வாரம். இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார். மற்ற வீட்டுப் பிள்ளைகள் பஸ்ஸில்தான் போகிறார்கள். போகட்டும், நான் கூப்பிடவில்லை.

நேற்று கடையில் பழைய பேப்பர்களைக் கட்டும்போது ஜூலை மாத இதழ் கையில் கிடைத்தது. மூன்றாம் பக்கத்தை மறுபடி படித்தேன். முன்பெல்லாம் என் பெயர் வருகிற இடத்திலேயே மனசு நின்றுவிடும், மீதியைக் கண் மட்டும்தான் படிக்கும். நேற்றுதான் கடைசிவரி வரை நிதானமாகப் படித்தேன். பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி ஜீப்போடு திரும்பும்போது என்று எழுதியிருக்கிறாய்.

என் ஜீப் அன்றைக்குக் காலியாக இல்லை. நீ ஒன்றும் தெரியாமலே அவர்கள் ஒன்பது பேரையும் இறக்கிவிட்டு, என்னை மட்டும் வளைவுக்கு அனுப்பியிருக்கிறாய். கடையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அத்தா டீ வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

உன் சார் அதற்குத்தானே மதிப்பெண்ணைக் குறைத்தார்? அவரிடம் சொல். அந்தச் செய்தியிலேயே சரியாக இருந்தது அந்த ஒரு வரிதான் என்று, அதில் செத்த ஆளே சொன்னதாகச் சொல்.

அண்ணன்
அன்வர்